டீசல் இன்ஜெக்டர்: வீட்டில் செய்யத்தக்கதும் தகாததும்

இரண்டாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்

முன்னுரை

ஏற்காடு என்றதும் ஏரியும் படகும் கோடை விழாவும் நண்பர்களின் நினைவுக்கு வரும். அம்மலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டீசல் வாசனை. என் தந்தையார் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இருபத்தைந்து ஆண்டுகளாக ஜீப் ஓட்டுபவர். நாகலூர்ப் பக்கத்துத் தோட்டங்களின் காப்பிப் பழத்தையும் மிளகையும், சில இரவுகளில் நோயாளிகளையும் ஏற்றிச் செல்லும் பழைய டீசல் ஜீப் அது. அதன் வருமானத்தில்தான் எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒருவன் கல்லூரிக்கு வந்திருக்கிறான். அந்த ஜீப்பை நான் நான்கு நாள் நிறுத்திவைத்த கதையும், அதிலிருந்து கற்ற பாடமுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

இன்ஜெக்டர் என்பது யாது?

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் இல்லை. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று ஏறத்தாழ 18இல் ஒரு பங்காக அமுக்கப்படும்போது அதன் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசையும் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பனிபோலத் தூவினால் தானாகவே பற்றிக்கொள்ளும். அவ்வாறு தூவும் கருவியே இன்ஜெக்டர். அதன் நுனிப் பகுதியை மெக்கானிக்குகள் ‘நாசில்’ என்பர்.

1897இல் ஜெர்மனியில் தம் எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டிய ருடால்ப் டீசல், எரிபொருளை உள்ளே செலுத்த அழுத்தக் காற்றையே நம்பினார். அதற்குத் தனியாகக் கனத்த கம்ப்ரஸர் தேவைப்பட்டது. 1927இல் ராபர்ட் பாஷ் நிறுவனம் எரிபொருளை நேரடியாக அழுத்தித் தள்ளும் பம்பைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யத் தொடங்கிய பிறகே டீசல் எஞ்சின் லாரிகளிலும் கார்களிலும் பரவலாயிற்று. நம் நாட்டில் அத்தொழிலுக்கான நிறுவனம் 1951இல் ‘மைக்கோ’ என்னும் பெயரில் தொடங்கப்பெற்றது.

இதன் நுட்பத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம். எஞ்சின் நிமிடத்திற்கு 2000 சுற்று சுற்றுகிறது, ஒரு மணிக்கு 5 லிட்டர் டீசல் செலவாகிறது என்று கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒரு சிலிண்டருக்குள் டீசல் செல்லும். ஆகவே நான்கு சிலிண்டருக்குமாக நிமிடத்திற்கு 4000 தூவல்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு தூவலுக்கு ஏறத்தாழ 0.02 மில்லி லிட்டர் வருகிறது. வேதியியல் ஆய்வகத்தில் ப்யூரெட்டிலிருந்து விழும் ஒரு துளியே ஏறத்தாழ 0.05 மில்லி லிட்டர். அதாவது அரைத் துளிக்கும் குறைவான டீசல், ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்திற்குள், புகைபோல் பொடியாகி உள்ளே செல்ல வேண்டும்!

பழைய வகை இன்ஜெக்டரில் சுமார் 200 பார் அழுத்தம் வந்ததும் உள்ளிருக்கும் ஊசி மேலெழுந்து துளைகளைத் திறக்கிறது. சிலிண்டருக்குள் 50 பார் இருப்பதாகக் கொண்டால் வேறுபாடு 150 பார். பெர்னூலியின் சமன்பாட்டில் இதனை இட்டால் டீசல் வெளியேறும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 190 மீட்டர், அதாவது மணிக்கு 680 கிலோமீட்டர் எனக் கிடைக்கிறது. அந்த ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குதான். தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்கு அளவே இருக்கும்.

நான் செய்த பிழை

இந்தக் கணக்கையெல்லாம் நான் போட்டது பிழை செய்த பிறகுதான். சென்ற டிசம்பர் விடுமுறையில் வீட்டிற்குச் சென்றபோது, சுமையோடு மலையேறுகையில் ஜீப் கரும்புகை கக்குவதைக் கண்டேன். “நாசில் அடைத்திருக்கும்; நானே சுத்தம் செய்கிறேன்” என்றேன். கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்திருந்தேன். தந்தையார் அரைமனத்தோடு இசைந்தார். படித்த பிள்ளை சொல்வதை மறுக்க வேண்டாமென்று எண்ணினார் போலும்.

நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றிக் கரியைத் துடைத்தேன். அதுவரை பழுதில்லை. மூன்றாவதன் நுனித் துளை அடைத்திருப்பதுபோல் தோன்றவே, அம்மாவின் தையல் ஊசியை எடுத்து அதில் நுழைத்துத் திருகினேன். அரை மில்லிமீட்டருக்கும் குறுகிய துளை அது.

மறுநாள் காலை எஞ்சின் வெண்புகையோடும் ‘டக் டக்’ என்ற ஓசையோடும் நடுங்கியது. தந்தையார் வாசற்படியில் நின்றபடியே சற்று நேரம் கேட்டார். “மூணாவது பேசலை, கண்ணு” என்றார். அவர் எந்தக் கருவியையும் தொடவில்லை.

அது காப்பிப் பழம் பறிக்கும் பருவம். பறித்த பழத்தை அன்றே பல்பர் கொட்டகைக்குக் கொண்டு சேர்க்காவிட்டால் புளித்துவிடும். அன்று மாற்று வண்டி கிடைக்கும் முன் பொழுது சாய்ந்துவிட்டது. சிறு விவசாயி ஒருவரின் ஆறு மூட்டைப் பழம் இரவெல்லாம் கிடந்து புளித்தது. அவருக்குக் குறைந்த விலையைத் தந்தையார் தம் கையிலிருந்து ஈடு செய்தார். என்னை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இன்ஜெக்டர்களைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு இருவரும் பேருந்தில் சேலத்திற்கு இறங்கினோம். பம்ப்-நாசில் சோதிக்கும் கடையில் ஒவ்வொன்றையும் சோதனைக் கருவியில் மாட்டிக் கைப்பிடியை அமுக்கினர். மற்ற மூன்றும் உரிய அழுத்தத்தில் திறந்து, சீரான மூடுபனியாகத் தூவின. மூன்றாவதிலிருந்து மட்டும் ஒரு பக்கமாகத் தாரை பாய்ந்தது. நுனியில் சொட்டும் நின்றது. நாசில் மாற்ற வேண்டியதாயிற்று. “மூன்றும் நன்றாகத்தானே இருக்கின்றன! ஏர் பில்டரைப் பார்த்தீர்களா?” என்று கடைக்காரர் கேட்டார். நான் பார்க்கவில்லை. தோட்டத்துச் செம்மண் புழுதியால் அது முக்கால்வாசி அடைத்திருந்ததை வீடு திரும்பிய பிறகே கண்டேன்.

கரும்புகையின் காரணம்

கரும்புகை என்பது முழுதும் எரியாத டீசலின் கரி. டீசல் மிகுந்தாலும் வரும். காற்றுக் குறைந்தாலும் வரும். சேலம் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர். ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருவதற்குள் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைகிறது. மேலே நிலவும் குளிர்ச்சியையும் கணக்கிட்டால், ஒவ்வொரு வீச்சிலும் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று ஒன்பதில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சினின் பம்ப் இதனை அறியாது. அதே அளவு டீசலைத்தான் அனுப்பும். மலைக்காற்றின் குறையோடு பில்டர் அடைப்பும் சேரவே புகை மிகுந்தது. “கீழே ஓட்டும்போது இவ்வளவு புகை இல்லை” என்று தந்தையார் முன்பே சொல்லியிருந்தார். அச்சொல்லில் விடை இருந்தது. நான்தான் அதைக் கேள்வியாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவது, அழுக்கை உள்ளே விடாதிருத்தல். டீசல் பில்டரை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். அதன் அடியில் தங்கும் நீரை வடித்துவிட வேண்டும். எங்கள் மலையின் பனி இரவுகளில், பாதி காலியான டாங்கிற்குள் ஈரம் நீராகப் படியும். ஆகவே மாலையிலேயே டாங்கை நிரப்பிவைத்தல் நன்று. துருப்பிடித்த கேனில் டீசல் வாங்கலாகாது. மண்ணெண்ணெய் கலத்தல் கூடவே கூடாது; அது பம்பையும் ஊசியையும் உராய்வினின்று காக்கும் வழவழப்பைக் குறைக்கும்; சட்டத்திற்கும் புறம்பானது.

இரண்டாவது, பழைய வகை எஞ்சினில், பழகியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு இன்ஜெக்டரைக் கழற்றலாம். எஞ்சின் ஆறிய பின், குழாய் நட்டைத் தொடுமுன் சுற்றிலும் தூசியை நீக்குக. திறந்த குழாய் முனைகளைத் தூய பிளாஸ்டிக் மூடியால் அடைத்திடுக. எது எந்தச் சிலிண்டருக்கு உரியது என எண்ணிட்டு வைத்திடுக. நுனியைத் தூய டீசலில் ஊறவிட்டு, வெளிக்கரியைப் பித்தளைக் கம்பிப் பிரஷால் மட்டும் தேய்த்திடுக. திரும்ப மாட்டும்போது பழைய செப்பு வாஷரை அகற்றிப் புதியது இட்டு, குழாயிலுள்ள காற்றை நீக்கிய பிறகே எஞ்சினை இயக்குக.

செய்யத் தகாதவை

உப்புத்தாளும் ஊசியும் நாசிலின் அருகே வரலாகாது. நாசிலைப் பிரித்து ஒன்றின் ஊசியை மற்றொன்றின் கூட்டில் இடலாகாது. அவை ஒன்றுக்கொன்று இணையாகத் தேய்த்துச் செய்யப்பட்டவை. திறக்கும் அழுத்தத்தைச் சோதனைக் கருவியின்றி மாற்றலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, தூவும் தாரையின் முன் விரலை நீட்டலாகாது. அத்தாரை தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்திவிடும். வெளியே தெரிவது ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளிதான். வலிகூட முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால் உடனே மருத்துவமனை சென்று, நடந்ததைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.

இன்றைய ‘காமன் ரெயில்’ டீசல் கார்களில் அழுத்தம் 1300 பாருக்கும் மேல். சிலவற்றில் 2000 பாரையும் எட்டும். அவற்றின் இன்ஜெக்டர் ஒவ்வொன்றிற்கும் உரிய குறியீட்டை வண்டியின் கணினியில் பதிய வேண்டியிருப்பதும் வழக்கம். அங்கு வீட்டு வேலை பில்டரோடு நிற்க வேண்டும்.

முடிவுரை

எஞ்சின் நான்கில் எது பேசவில்லை என்பதைத் தந்தையார் செவியால் அறிந்தார். அது ஏன் பேசவில்லை என்பதை நான் கணக்கால் அறிந்தேன். முதல் நாளே இரண்டையும் சேர்த்திருந்தால் ஆறு மூட்டைப் பழம் புளித்திராது.

இதனைப் படிக்கும் நண்பர்களில் ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகளும் சிலர் இருப்பீர்கள். ஸ்பேனரை எடுக்குமுன் உங்கள் தந்தையாரிடம், “புகை எந்த இடத்தில் வருகிறது, எப்போது வருகிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது ஞாயிறுதோறும் நான் அவ்வாறே செய்கிறேன். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.