கையறுநிலையாகக் கேட்கப்பட்ட இசைத்தொகுப்பு: நிர்வாணா குழுவின் ‘அன்பிளக்டு இன் நியூயார்க்’

முன்னுரை

புறத்திணை மரபில் கையறுநிலை என்பது மறைந்தோரை நினைந்து எஞ்சியோர் பாடும் துறையாகும். பாடுவோர் வேறு, பாடப்படுவோர் வேறு. அமெரிக்க ராக் இசைக்குழுவான நிர்வாணாவின் ‘எம்டிவி அன்பிளக்டு இன் நியூயார்க்’ என்னும் நேரடி இசைத்தொகுப்பின் வரவேற்பில் இவ்வேறுபாடு அழிந்துபோயிற்று. 1993 நவம்பர் 18 அன்று பதிவான இந்நிகழ்ச்சி, 1994 நவம்பரில் இசைத்தட்டாக வெளிவந்தது. இடையே, 1994 ஏப்ரலில், பாடகர் கர்ட் கோபேன் தம் 27ஆம் அகவையில் தற்கொலை செய்துகொண்டார். எனவே கேட்போர் பலர் இதனை அவர் தமக்கே பாடிக்கொண்ட இரங்கற்பாவாகக் கொண்டனர். அக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மேடையும் ஒலியும்

அக்கருத்துக்கு அரணாக முதலில் காட்டப்படுவது மேடை. லில்லி மலர்களும் கருநிற மெழுகுவத்திகளும் கோபேனின் விருப்பப்படியே வைக்கப்பட்டன. இறுதிச் சடங்கு போன்ற தோற்றத்தை அவர் வேண்டினார் என நிகழ்ச்சித் தயாரிப்பாளர் பதிவு செய்துள்ளார். இச்சான்றைப் புறந்தள்ள இயலாது. எனினும் சாவின் படிமத்தை நாடுவதும் சாவைத் திட்டமிடுவதும் ஒன்றல்ல.

‘அன்பிளக்டு’ என்னும் பெயர் மின்னிணைப்பு அற்ற இசையைச் சுட்டும். ஆனால் கோபேனின் கிட்டார் ஒலிபெருக்கி வழியாகவே ஒலித்தது. டேவிட் போவியின் ‘தி மேன் ஹூ சோல்ட் தி வேர்ல்ட்’ பாடலில் ஒலியைத் திரிக்கும் கருவியின் கரகரப்பைத் தெளிவாகக் கேட்கலாம். ஆகவே ‘ஒப்பனையற்ற இறுதி வாக்குமூலம்’ என்னும் புகழுரை ஒலியளவிலேயே பொருந்தவில்லை.

பிறர் பாடல்கள்

தொகுப்பின் 14 பாடல்களுள் 6 பிறருடையவை. குழுவுக்குப் பெரும்புகழ் ஈட்டிய ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ இடம்பெறவில்லை. மாறாக, பரவலாக அறியப்படாத மீட் பப்பெட்ஸ் குழுவின் 3 பாடல்கள், அக்குழுவின் கர்க்வுட் சகோதரர்களையே மேடைக்கு அழைத்துப் பாடப்பட்டன. மூன்றும் 1984இல் வெளிவந்த ஒரே இசைத்தட்டைச் சேர்ந்தவை. ஸ்காட்லாந்தின் வாசலின்ஸ் குழுவின் வேறு பாடல்களையும் நிர்வாணா முன்பே பாடியிருந்தது. தாம் விரும்பிய, தம்மை உருவாக்கிய பாடல்களை நிரல்படுத்தும் சுவைஞர் ஒருவரின் செயலே இங்குப் புலப்படுகிறது. விடைபெறுவோர் இத்துணை ஆர்வத்துடன் பிறரை அறிமுகம் செய்வதில்லை.

நிறைவுப் பாடலே இதற்கு வலிமையான சான்று. ‘வேர் டிட் யூ ஸ்லீப் லாஸ்ட் நைட்’ அமெரிக்க நாட்டார் பாடல். கறுப்பினப் பாடகர் லெட்பெல்லி (1949இல் மறைந்தார்) வழியாகவே கோபேன் அதனைத் தம் பாடலாக்கிக் கொண்டார். அதன் இறுதியில் குரல் உடைந்து உயர்வதைக் கேட்போர் அதனை மரண ஓலம் என்பர். ஆனால் இதே பாடலின் பதிவொன்று மார்க் லானெகனின் 1990ஆம் ஆண்டு இசைத்தட்டில் உள்ளது. அதில் கோபேன் கிட்டார் வாசித்துள்ளார். ‘நெவர்மைண்ட்’ வெளிவருவதற்கும் உலகப் புகழ் வருவதற்கும் முன்னரே அப்பாடல் அவருடன் இருந்தது. மேலும், அப்பாடலின் பொருள் சாவுக்கான விடைபெறல் அன்று. காதலியை ஐயுற்று வினவும் ஒருவனின் குரல். பொறாமையையும் அச்சத்தையும் உணர்த்தும் உச்சக்குரலைப் பாடகரின் வாழ்க்கை முடிவாக மாற்றிக் கேட்பது பாடலுக்குச் செய்யும் அநீதியாகும்.

அடிக்குறிப்பாகிய இறப்பு

புறநானூற்றுப் பாடல்களின் அடியில் நிற்கும் துறையும் சூழற்குறிப்பும் பின்னாளில் தொகுத்தோர் சேர்த்தவை எனக் கருதப்படுகின்றன. ஆயினும் பாடலை எவ்வாறு பயில்வது என்பதை அவையே முடிவு செய்கின்றன. 1994 ஏப்ரல் நிகழ்வும் இத்தொகுப்புக்கு அத்தகைய குறிப்பாகவே அமைந்தது. கோபேன் மறைந்தபின் எம்டிவி இந்நிகழ்ச்சியை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பிற்று. அக்குறிப்புடனேயே பெரும்பாலோர் இதனை முதன்முறை கேட்டனர். 1993 டிசம்பரில் முதல் ஒளிபரப்பைக் கண்டோரிடம் அக்குறிப்பு இல்லை. இரைச்சலுக்குப் பெயர்பெற்ற குழு ஒன்று, டிரம்ஸை அடக்கி வாசித்து, செல்லோவைச் சேர்த்துக்கொண்டு, பிறர் பாடல்களை அன்புடன் பாடியதையே அவர்கள் கேட்டனர்.