படம் வரையலாம், பிரைமரி கீயை நீயே எழுது

தங்கச்சி, டேட்டாபேஸ் புராஜெக்டுக்கு என்ன எடுப்பது என்று யோசிக்காதே. நம் பேட்டை எல்ஆர்டி இலகு ரயிலையே எடு. 1999 நவம்பர் 6-இல் ஓடத் தொடங்கிய புக்கிட் பாஞ்சாங் தடம்தான் சிங்கப்பூரின் முதல் எல்ஆர்டி. இன்று 13 நிலையங்கள்தானே, அரை மணியில் முடித்துவிடலாம் என்று தோன்றும். டேபிள் போட உட்கார், தெரியும்.

முதலில் மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்சில் படமாகவே வரை. எஸ்க்யூஎல்லைக் கையால் எழுதினால்தான் கெட்டிக்காரர் என்று சீனியர்கள் அளப்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே. நிலையத்துக்குப் பெட்டி போட்டதுமே ஒன்று கண்ணில் படும். சுவா சூ காங்குக்கு பிபி1, என்எஸ்4 என்று இரண்டு குறியீடு. டௌன்டவுன் தடம் 2015 டிசம்பரில் இங்கே வந்ததிலிருந்து புக்கிட் பாஞ்சாங்குக்கும் பிபி6, டிடி1. ஆகவே குறியீட்டை பிரைமரி கீ ஆக்காதே. நிலையத்துக்குத் தனி எண் கொடு, குறியீடுகளை வேறு டேபிளில் வை. குழுவில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்கப் படம்தான் வசதி.

சிக்கல் அடுத்ததில். ஏ, பி என்று இரண்டு சேவைகள், தடத்தின் வளையப் பகுதியை எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. சேவைக்கும் நிலையத்துக்கும் நடுவே பலவுக்குப் பல என்று ஒரு கோடு இழுத்தால், வொர்க்பெஞ்ச் தானாகவே இடையில் ஒரு டேபிள் போட்டு, இருபக்க எண்களையும் சேர்த்து பிரைமரி கீயாக வைத்துவிடும். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் ரயில் சுவா சூ காங்கில் கிளம்பி, வளையத்தைச் சுற்றிவிட்டு, வந்த வழியே திரும்புகிறது. ஃபீனிக்ஸ் நிலையம் ஒரே ஓட்டத்தில் இரண்டு தடவை வரும். இரண்டாவது ஃபீனிக்ஸைப் போட்டதும் ‘டூப்ளிகேட் என்ட்ரி’ என்று திட்டும். இங்கே கீ, சேவையும் வரிசை எண்ணும் சேர்ந்ததுதான். கையால் எழுதும்போது அடைப்புக்குறிக்குள் எந்தெந்த நெடுவரிசை என்று நீயே முடிவு செய்தாக வேண்டும். கோடு இழுக்கும்போது அந்தக் கேள்வியை யாரும் உன்னிடம் கேட்பதில்லை.

டென் மைல் ஜங்ஷன், பிபி14, 2019 ஜனவரியில் மூடப்பட்டது. அந்த வரியை அழிக்காதே. திறந்த தேதி, மூடிய தேதி என்று இரண்டு நெடுவரிசை வைத்தால் பழைய பயணக் கணக்கும் கெடாது. தவறி மொத்த வரிகளையும் அழித்துவிடாமல் காக்கும் வொர்க்பெஞ்சின் ‘சேஃப் அப்டேட்ஸ்’ தொல்லையாக இருக்கிறதென்று அணைத்தும் விடாதே.

பெயரைத் தமிழிலும் வைக்கப் போகிறாய் என்றால், கருவி தானாகப் போடும் வார்சார் 45-ஐ ஒருமுறை பார். ‘புக்கிட் பாஞ்சாங்’ நம் கண்ணுக்கு எட்டெழுத்து. புள்ளி, துணைக்கால் முதலிய குறிகள் தனித்தனி என்பதால் மைஎஸ்க்யூஎல் எண்ணுவது, இடைவெளியோடு, 17. முழு முகவரி என்றால் 45 எந்த மூலைக்கு? கேரக்டர் செட்டை யூடிஎஃப்8எம்பி4 என்று நீயே எழுதிவிடு. மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு முந்தைய பதிப்பில் டீஃபால்ட் லத்தீன்1. தமிழ் அதில் வெறும் கேள்விக்குறியாகிவிடலாம்.

படத்திலிருந்து ‘ஃபார்வர்டு எஞ்சினியர்’ ஒரே ஒருமுறை செய். வரும் எஸ்க்யூஎல்லை வரி வரியாகப் படித்துத் திருத்தி கிட் களஞ்சியத்தில் போடு. அதற்குப் பிறகு எந்த மாற்றமானாலும் ஆல்ட்டர் டேபிள் எழுதிய தனிக் கோப்பு, கோப்புக்கு ஒரு எண். சமர்ப்பிக்கப் படம் கேட்டால் பழையதை ஒட்டாதே. முந்தின ராத்திரி ‘ரிவர்ஸ் எஞ்சினியர்’ செய்து புதிதாக எடுத்துக்கொள்.