பருவகாலக் குளத்தில் மீன் வளர்த்தல்

குளத்தில் இறங்குமுன், குளக்கட்டிலும் அலைகரையிலும் கண்ணிவெடி அகற்றப்பட்டுவிட்டதா எனக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். வயலுக்கும் அதே நீர்தான். ஆகவே கமக்காரர் அமைப்புடனும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

மாரி மழையில் குளம் நிரம்பியபின் மார்கழி, தை மாதங்களில் குஞ்சு விடலாம். கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், சாதாரண கெண்டை அடியிலும் இரைதேடுவதால் மூன்றையும் சேர்த்து வளர்க்கலாம். விரல் நீளமில்லாத குஞ்சு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்; விரால் விழுங்கிவிடும்.

பலர் பிழைவிடுவது குஞ்சை விடும்போதுதான். பையை அவிழ்க்காமல் கால் மணிநேரம் குளத்து நீரில் மிதக்கவிடுங்கள். பின்பு அவிழ்த்து, குளத்து நீரைச் சிறிது சிறிதாக உள்ளே சேருங்கள். குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியேறட்டும். வெயிலில் அவசரமாகக் கொட்டினால் பெரும்பாலானவை செத்துவிடும்.

ஆடி, ஆவணியில் நீர் வற்றத் தொடங்கியதும் பிடியுங்கள்.