படத்துக்குள் ஒளிந்த படங்கள்



"இப்படத்தில் ஆறு பறவைகள் ஒளிந்துள்ளன, கண்டுபிடியுங்கள்" என்னும் புதிர்களைச் சிறுவர் இதழ்களில் பார்த்திருப்பீர்கள். அச்சிட்ட இதழ்கள் தோன்றுவதற்கு முன்பே இத்தகைய புதிர்கள் கல்லிலும் வண்ணத்திலும் அமைக்கப்பட்டன. அவற்றுள் நான்கினை இங்கே காண்போம். அவற்றைப் படைத்த கலைஞர்கள் வெறும் விளையாட்டுக்காக உருவங்களை மறைக்கவில்லை. வெளியே தெரியும் படம் சொல்லாத ஒன்றை, மறைந்திருக்கும் படத்தின் வாயிலாகச் சொன்னார்கள்.

1. நுணுகிப் பார்த்தல்

மாமல்லபுரத்தில் அருகருகே அமைந்த இரு பெரும் பாறைகளின் முகப்பில், கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலச் சிற்பிகள் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களைச் செதுக்கினர். ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்யும் மெலிந்த உருவத்தை அதில் காணலாம். பெரிய யானைகள் உடனே நம் கண்ணைக் கவரும். யானையின் அருகே சற்று நுணுகிப் பார்த்தால் ஒரு பூனை தெரியும்! அதுவும் முன்னங்கால்களை உயர்த்தித் தவக் கோலத்தில் நிற்கிறது. அதன் காலடியில் எலிகள் உள்ளன.

கங்கைக் கரையில் தவசியைப்போல் நடித்து எலிகளை உண்ட பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது. உண்மைத் தவத்தையும் பொய்த் தவத்தையும் சிற்பி ஒரே பாறையில் வைத்துவிட்டார். வேறுபாட்டை அறிவது பார்ப்பவர் பொறுப்பு.

இப்பாறை முழுவதுமே ஒரு புதிர்தான். தவம் செய்பவர் அருச்சுனன் என்பர் சில அறிஞர். கங்கையைக் கொணர்ந்த பகீரதன் என்பர் வேறு சிலர். இவ்விவாதம் இன்னும் முடிவுறவில்லை.

2. மறைத்துப் பார்த்தல்

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் உள்ளது. அங்கே ஒரு சிறிய சிற்பத்தில் இரண்டு உடல்களுக்கு ஒரே தலை! ஓர் உடலைக் கையால் மறைத்தால் காளை தெரிகிறது; மற்றோர் உடலை மறைத்தால் யானை தெரிகிறது.

ஒரே சொற்றொடர் இரு பொருள் தருவதைத் தமிழில் சிலேடை என்கிறோம். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடியவர் காளமேகப் புலவர். அவர் சொல்லில் செய்ததைத் தாராசுரச் சிற்பி கல்லில் செய்தார். இச்சிற்பத்தின்முன் "காளை" என்று ஒரு மாணவரும் "யானை" என்று மற்றொருவரும் வாதிட்டால், இருவர் கூற்றும் சரியே. மற்றவர் எந்தப் பக்கத்தை மறைத்துப் பார்க்கிறார் என்று கேட்டால் வழக்குத் தீர்ந்துவிடும்.

3. தலைகீழாக்கிப் பார்த்தல்

இக்கலை நமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலிய ஓவியர் ஆர்ச்சிம்போல்டோ 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கிண்ணம் நிறையக் காய்கறிகளை வரைந்தார். அவ்வோவியம் இத்தாலியில் கிரெமோனா நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனைத் தலைகீழாகத் திருப்பினால் கிண்ணம் தொப்பியாகிறது, வெங்காயம் கன்னமாகிறது, நீண்ட கிழங்கு மூக்காகிறது. ஒரு தோட்டக்காரர் நம்மைப் பார்க்கிறார்! நாம் உண்ணும் ஒவ்வொரு காய்க்குப் பின்னாலும் உழைத்த ஒருவரின் முகம் இருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

4. இடம் மாறிப் பார்த்தல்

இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில், ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த 'தூதர்கள்' என்னும் ஓவியம் உள்ளது. அதன் உயரமும் அகலமும் ஏறத்தாழ 2 மீட்டர். பிரான்சு நாட்டுத் தூதர் ஒருவரும், அவருடைய நண்பரான ஆயரும் விலையுயர்ந்த உடையில் நிற்கின்றனர். அவர்களுக்கிடையே உலக உருண்டைகள், வானியற் கருவிகள், நரம்பறுந்த ஓர் இசைக்கருவி ஆகியன உள்ளன. தரையில் மட்டும் இன்னதென்று விளங்காத ஒரு நீண்ட சாம்பல்நிற வடிவம் கிடக்கிறது.

ஓவியத்தின் வலப்புறம் சென்று ஓரமாக நின்று நோக்கினால், அவ்வடிவம் மனித மண்டை ஓடாக மாறுகிறது! அப்போது தூதர்களின் உருவம் நம் பார்வைக்குச் சிதைந்துவிடுகிறது. செல்வமும் கல்வியும் பதவியும் பெற்றவர்க்கும் மரணம் உண்டு என்பதே ஓவியர் மறைத்துவைத்த செய்தி.

பெற்றோருக்கு

விடுமுறையில் மாமல்லபுரத்திற்கோ தாராசுரத்திற்கோ செல்லும் பெற்றோர் பலர், நிழற்படம் எடுத்துக்கொண்டு விரைந்து திரும்பிவிடுகின்றனர். அங்கே பிள்ளைகளோடு அரைமணி நேரம் நில்லுங்கள். "இதோ பூனை" என்று சுட்டிக்காட்டிவிடாதீர்கள். "இங்கே ஒரு பூனை இருக்கிறது, தேடு" என்று மட்டும் சொல்லுங்கள். நாம் காட்டியதைப் பிள்ளைகள் மறந்துவிடுவர். தாமே கண்டுபிடித்ததை மறவார். முன்னோர் கலை அவர்களுக்கு உரிமையாவது அப்போதுதான்.

பயிற்சி

1. பூனையும் தவம் செய்பவரும் ஒரே கோலத்தில் செதுக்கப்பட்டிருப்பது எதை உணர்த்துகிறது?
2. தாராசுரச் சிற்பத்தைச் சிலேடையோடு ஒப்பிடுவது ஏன்?
3. மண்டை ஓடு தெளியும்போது தூதர்களின் உருவம் சிதைவதால் ஓவியர் கூறவருவது யாது?
4. செய்து பார்: நேராகப் பார்த்தால் ஒரு பொருளாகவும், தலைகீழாகப் பார்த்தால் ஒரு முகமாகவும் தெரியும் படம் ஒன்றை வரைக. விடையைச் சொல்லாமல் நண்பரிடம் காட்டுக.