பூச்சிநாசினியும் வைரசும்

குறிஞ்சிப்பிட்டித் தோட்டங்களின் மண் மணற்பாங்கானது. நிலத்தடி நீரோ ஆழமற்றது. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விசிறப்படும் நஞ்சு, மழையோடும் இறைப்போடும் கீழிறங்கி அந்நீரை அடைதல் கூடும். குடிநீர்க் கிணறும் அதே நீரையே நம்பியுள்ளது. ஆகவே, பூச்சிநாசினி பூச்சியைக் கொல்வதன்றி வேறென்ன செய்யும் என்பதைக் கமக்காரர் அறிதல் அவசியம்.

கலமாற்றம் என்பது யாது?

உடல் நுண்ணிய கலங்களாலானது. ஆய்வுகூடத் தட்டில் வளரும் நற்கலங்கள் ஒன்றையொன்று தொட்டதும் பெருக்கத்தை நிறுத்தி, ஒரே படையாய் நிற்கும். சில வைரசுகள் தம் மரபுப் பொருளைக் கலத்தினுட் புகுத்தினால், அக்கலம் கட்டுப்பாடின்றிப் பெருகிக் குவியும். இதுவே கலமாற்றம். கோழிகளின் ஒருவகைப் புற்றுக்கட்டியை வைரசு உண்டாக்குவதை 1911இல் பெய்ற்றன் ரௌஸ் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆய்வுகள் கூறுவன

1970களில், குரங்கு வைரசொன்றை ஹாம்ஸ்டர் எலியின் கலங்களிற் புகுத்தி இரசாயனங்கள் சோதிக்கப்பட்டன. கலத்தின் மரபுப் பொருளைச் சிதைக்கும் இரசாயனம் முன்னரே பட்டிருப்பின், வைரசு நுழைய வழி மிகுந்து, மாற்றமடைந்த கலங்கள் அதிகரித்தன.

காபரில் என்னும் பூச்சிநாசினி பற்றிய ஆய்வொன்று 1981இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. அம்மருந்து பட்ட மனிதக் கலங்களில் கொப்புளிப்பான் வைரசு கூடுதலாகப் பெருகியது. இது கலமாற்றமன்று, வைரசின் பெருக்கமே. எல்லா வைரசுகளும் அவ்வாறு பெருகவுமில்லை.

தட்டிலுள்ள கலம் முழு மனிதனாகாது. ஆதலின், இவ்வாய்வுகளைக் கொண்டு காபரில் மனிதருக்குப் புற்றுநோய் தருமென முடிவு செய்தல் தகாது. ஆயினும் அசட்டையும் தகாது. மலத்தியன், டயசினன் ஆகியன மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் மிக்கவையெனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015இல் வகைப்படுத்தியது. லின்டேன் புற்றுநோய் உண்டாக்குமென்றே அதே ஆண்டில் முடிவு கூறிற்று.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. பூச்சியின் தாக்கத்தை முதலிற் பார்த்தறிக, தேவையின்றி விசிறற்க.
2. பதிவுபெற்ற மருந்தை மட்டும், சுட்டுத்துண்டிற் கூறிய அளவிற் கலக்குக.
3. கையுறையும் முகமூடியும் அணிக. காற்றுக்கு எதிராக நின்று விசிறற்க.
4. கிணற்றருகே மருந்து கலத்தலும், தெளிகருவி கழுவுதலும் ஆகா.
5. வேலை முடிந்ததும் குளித்து, உடுப்பை வேறாகத் துவைக்குக.
6. குறித்த நாட்கள் கழியுமுன் அறுவடை செய்யற்க.
7. வெற்றுப் போத்தலில் நீரோ எண்ணெயோ வைக்கற்க.

ஆய்வுகூடத்தின் ஐயங்கள் தீரக் காலம் செல்லலாம். கையையும் கிணற்றையும் காத்தல் இன்றே இயலும்.