கல் தாங்கும், பசை தாங்குமா?

சென்னையில் பாடியிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் சிலிக்கான் கார்பைடு என்றால் சிலர் யோசிப்பார்கள். கார்போரண்டம் என்றால் உடனே சாணைக்கல்லைக் காட்டுவார்கள். அமெரிக்கரான அச்செசன் 1890களின் தொடக்கத்தில் மணலையும் கரியையும் மின்சார உலையில் சுட்டு எடுத்த பொருளுக்கு வைத்த பெயர் அது. 1954இல் முருகப்பா குழுமம் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் வழியாக நம் ஊர்ப் பேச்சிலும் ஊறிவிட்டது. அதே பொடியைத் துளை துளையாகச் சுட்டெடுத்தால் சூடான புகையையும் உருகிய இரும்பையும் வடிகட்டலாம். வாகன உதிரிபாகம் செய்யும் வட்டாரத்துக்கு ஏற்ற தொழில்தான். ஆனால் இதில் இறங்குகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே துளையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்: எத்தனை சதவீதம், எத்தனை மைக்ரான் என்று. நான் சொல்வது வேறு. வடிகட்டியின் ஆயுள் துளையில் இல்லை, மணிக்கு மணி ஒட்டியிருக்கும் அந்தச் சின்னக் கழுத்தில் இருக்கிறது. அதை முடிவு செய்தபிறகு துளைக்கு வரலாம்.

காரணம் பொருளின் குணத்திலேயே இருக்கிறது. சிலிக்கான் கார்பைடு சாதாரண அழுத்தத்தில் உருகாது. அதன் அணுக்கள் இடம் மாறவும் லேசில் சம்மதிக்காது. களிமண் பானையைப் போலச் சூளையில் வைத்தால் தானாக ஒட்டிக்கொள்ளும் சாதி இல்லை. ஒட்டவைக்க முக்கியமாக இரண்டு வழி. ஆர்கான் வாயுவில் 2200 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் பொடி ஆவியாகி, மணிகள் தொடும் இடத்தில் மறுபடி படியும். பொருள் சுருங்காது, கழுத்தும் அதே கார்பைடு. அதற்கான உலையின் விலை சிறு தொழிலுக்குக் கட்டாது. மற்றது, களிமண், சிலிக்கா, முல்லைட் என்று ஏதாவது ஒரு பசையை வைத்து 1400 முதல் 1500 டிகிரியில் காற்றிலேயே சுடுவது. நம்மால் முடிவது இதுதான். ஆனால் விளம்பரத்தாளில் அச்சாகிற வெப்பத் தாங்குதிறன் பெரும்பாலும் மணியினுடையது, பசையினுடையது அல்ல. 1990களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டிட் என்ற நிலக்கரி மின்நிலையத்தில், களிமண் பிணைப்புள்ள சிலிக்கான் கார்பைடு குழாய்களை மெழுகுவத்திபோல வரிசையாகத் தொங்கவிட்டுச் சூடான வாயுவை வடிகட்டிப் பார்த்தார்கள். குழாய்களுக்கு நடுவே சாம்பல் பாலம் கட்டி உடைத்தது ஒரு தொல்லை. ஓட ஓடப் பிணைப்பு வலுவிழந்தது இன்னொன்று. மணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பசையே போடாமல், காற்றில் சுடும்போது மணியின் மேல் வளரும் சிலிக்காவையே பிணைப்பாக வைத்துக்கொள்வது சிக்கனமான முறை. இங்கேதான் கணக்கு தேவை. கார்பைடு சிலிக்காவாக மாறும்போது எடை ஒன்றரை மடங்காகிறது, கன அளவு இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது. அதாவது பிணைப்பு வளர வளரத் துளை அடைகிறது. சூளையைத் திறந்து பார்த்தால் இது தெரியாது, தராசில் தெரியும். துளைக்காகக் கலந்த எரிபொடியும் சுடும்வரை வடிவம் தாங்கப் போட்ட தற்காலிகப் பசையும் 600 டிகிரியில் எரிந்து முடிந்தபின் ஒரு முறை, முழுச் சூட்டுக்குப்பின் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் துண்டு 2 கிராம் கூடியிருந்தால் 4 கிராம் கார்பைடு எரிந்து 6 கிராம் சிலிக்கா ஆகியிருக்கிறது என்று பொருள். அதிகம் வளர்ந்த சிலிக்கா கிறிஸ்டோபலைட் படிகமாகிவிட்டால், ஆறும்போது 200 டிகிரிக்குச் சற்று மேலே சட்டென்று சுருங்கிக் கழுத்தில் கீறல் விழும். கொஞ்சம் அலுமினா கலந்தால் சிலிக்கா முல்லைட்டாக மாறும். அதன் விரிவு கார்பைடின் விரிவுக்கு நெருக்கம். நான் செலவைக் கூட்டச் சொல்வது இந்த ஒரு இடத்தில்தான்.

துளை சதவீதம் ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அது பாதிக் கதை. 45 சதவீதத் துளையுள்ள இரண்டு துண்டுகளில் ஒன்றின் துளை 10 மைக்ரான், மற்றதன் துளை 100 மைக்ரான் என்றால், காற்று போகும் எளிமையில் ஏறக்குறைய நூறு மடங்கு வித்தியாசம். அளவை முடிவு செய்வது நாம் கலக்கிற எரிபொடி. அரிசி ஸ்டார்ச் மணி 3 முதல் 8 மைக்ரான். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் பல பத்து மைக்ரான். (மாவு மில்லில் அரைத்த அரிசி மாவு ஸ்டார்ச் ஆகாது. அதில் மணிகள் கட்டி கட்டியாக இருக்கும், துளையும் அப்படியே வரும்.) பெரிய துளையைப் பிடிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். துண்டைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, கீழிருந்து காற்றழுத்தத்தை மெல்ல ஏற்றி, முதல் குமிழி எப்போது வருகிறது என்று கவனித்தால் போதும். சுமார் 30 செ.மீ. நீர்மட்ட அழுத்தத்திலேயே குமிழி வந்தால் எங்கோ 100 மைக்ரான் வழி திறந்திருக்கிறது. சராசரி என்ன சொன்னாலும் தூசி அந்த வழியாகத்தான் போகும்.

வலுவான மறுப்பு ஃபவுண்டரிக்காரர்களிடமிருந்து வரும். மணல் அச்சின் ரன்னரில் வைக்கிற ஃபில்டருக்கு வாழ்நாளே சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள். அதற்கு எதற்கு இத்தனை பிணைப்பு ஆராய்ச்சி? நியாயம்தான். பாலியூரித்தேன் பஞ்சைப் பீங்கான் பொடிக் குழம்பில் முக்கி, உருளையில் பிழிந்து, காயவைத்துச் சுடும் முறைக்கு 1963இலேயே காப்புரிமை வந்துவிட்டது; இரும்பு வார்ப்புக்கு அது போதும். ஆனால் அங்கேயும் உடைவது கழுத்துதான். பஞ்சு எரிந்த இடம் உள்ளே வெறும் குழலாக நிற்கிறது. சூட்டை 200 முதல் 500 டிகிரி வரை அவசரமாக ஏற்றினால் அந்தக் குழலின் விளிம்பு கிழியும். 1400 டிகிரி இரும்பு வந்து அறையும்போது அந்தத் துணுக்குகள் காஸ்டிங்கிலேயே போய்ச் சேரும். கசடைத் தடுக்க வைத்ததே கசடாகிவிடும். உருக்கு வார்ப்புக்கு இந்த ஃபில்டர் கூடவே கூடாது: 1600 டிகிரி உருக்கு கார்பைடையே கரைத்துவிடும், அங்கே சிர்கோனியாதான். இதன் எதிர்முனையில் டீசல் வண்டியின் புகைக்குழாய் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தபின் டீசல் கார்களுக்குக் கரி வடிகட்டி தவிர்க்க முடியாததாகிவிட்டது. அது ஆயிரக்கணக்கான மணி நேரம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி உழைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கலவையை நீட்டுவது வியாபாரமே அல்ல.

ஆகவே ஆர்டர் எடுக்கும்போது மைக்ரானைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு நேரம், ஒரு நாளில் எத்தனை முறை சூடாறும், புகையில் என்ன இருக்கிறது. தேங்காய் மட்டை எரிக்கும் பாய்லர் என்று பதில் வந்தால், அந்தச் சாம்பலின் பொட்டாசியம் சிலிக்காவோடு சேர்ந்து 800 டிகிரிக்குக் கீழேயே உருகும் கண்ணாடியாகிவிடும். அந்த வாடிக்கையாளருக்குச் சிலிக்கா பிணைப்பை விற்காதீர்கள்.