ஸ்கேன் ஓடும்போது சிஸ்டத்தைத் தொடலாமா?

"ஸ்கேன் ஓடுதுண்ணா, முடியட்டும். இப்போ தொடக் கூடாது." கீழ்க்கட்டளையில் மேடவாக்கம் சாலையை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் இந்தப் பதில் புதிதல்ல. ஆதார் நகல் எடுக்க வந்தவர் பென் டிரைவோடு நிற்பார். பின்னால் இன்னும் இருவர் சேர்ந்ததும் கடைக்காரர் ஸ்கேனைப் பாதியில் நிறுத்திவிட்டு வேலையைப் பார்ப்பார். மறுநாளும் அதே கதை. சில வாரங்களில் ஸ்கேனே வேண்டாம் என்று ஆன்டிவைரஸையே அணைத்து வைத்துவிடுவார்கள். தொடக் கூடாது என்ற நம்பிக்கை வெறும் தவறான தகவலாக நின்றிருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. அது பாதுகாப்பையே கைவிட வைக்கிறது என்பதுதான் என் கவலை.

ஸ்கேன் செய்யும் வேலையின் பெரும்பகுதி வாசிப்பு. ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களோடு ஒப்பிட்டு, சந்தேகமில்லை என்றால் அடுத்ததற்குப் போகிறது. வாசிப்பதால் எந்த ஃபைலும் மாறாது. அந்த நேரத்தில் நீங்கள் வேர்டில் தட்டச்சு செய்யலாம், டாலியில் பில் போடலாம், பிரிண்ட் கொடுக்கலாம். கெட்டது என்று ஒன்றைக் கண்டால் மட்டுமே அதைத் தனியே எடுத்துப் பூட்டி வைக்கிறது.

"திறந்திருக்கும் ஃபைலை ஸ்கேன் தவறவிட்டுவிடாதா?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வேறு ஒரு புரோகிராம் முழுதாகப் பூட்டி வைத்திருக்கும் ஃபைலைச் சில நேரம் ஸ்கேன் தாண்டிப் போகலாம். ஆனால் ஆன்டிவைரஸுக்கு இரண்டு வேலைகள் உண்டு. நேரம் குறித்து ஓடும் ஸ்கேன் ஒன்று. எப்போதும் விழித்திருந்து, ஒரு ஃபைல் திறக்கப்படும் அந்த நொடியிலேயே பார்க்கும் நிகழ்நேரக் காவல் இன்னொன்று. நீங்கள் திறந்து வைத்திருப்பதை அந்தக் காவல் ஏற்கெனவே பார்த்திருக்கும்.

பிறகு ஏன் சிஸ்டம் அப்படித் தவிக்கிறது? பழி பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கைச் சேரும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அந்தக் காலத்து லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் பலவும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. சிறு சிறு ஃபைல்கள் தட்டு முழுவதும் சிதறிக் கிடக்கும்போது, படிக்கும் முனை ஒவ்வொன்றுக்கும் இடம் தேடி நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி விநாடிக்கு நூறு ஃபைல் படிப்பதே கடினம். விண்டோஸின் ஃபைல்களே லட்சத்தைத் தாண்டும். ஸ்கேனுக்காக அலையும் அதே முனையிடம் நீங்களும் பிரவுசரைத் திற என்று கேட்டால் இரண்டு வேலையும் இழுக்கும். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, அலையும் முனையும் இல்லை. ரிச்சி தெருவில் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் பழைய லேப்டாப்பில் மாற்றிப் பாருங்கள், ஸ்கேன் ஓடுவதே பல நேரம் தெரியாது. ஆன்டிவைரஸை அணைப்பதற்கு முன் இந்தச் செலவைச் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

புராசஸரைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர்களே நம்மை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில், நேரம் குறித்த ஸ்கேன் புராசஸரின் சக்தியில் சராசரியாக 50 சதவீதத்துக்குள் நிற்பதே இயல்பான அமைப்பு. சிஸ்டம் சும்மா இருக்கும் நேரம் பார்த்துத் தொடங்குவதும் அப்படியே. நீங்கள் வேலை செய்வீர்கள் என்று எதிர்பார்த்தே இது அமைக்கப்பட்டிருக்கிறது.

இதைவிட ஆபத்தான நம்பிக்கை ஒன்று உண்டு: "ஞாயிற்றுக்கிழமை முழு ஸ்கேன் போட்டுவிடுகிறேன், மற்ற நாளில் காவலை அணைத்து வைத்தால் வேகமாக இருக்கும்." 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத் துறையின் கணினிகளை ரான்சம்வேர் தாக்கியது. ஃபைல்களைப் பூட்டி, திறக்க கிரிப்டோ பணம் கேட்டது. அந்த வகை நிரல் நாள்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை, ஓடத் தொடங்கினால் நிமிடங்களில் ஃபைல்களைப் பூட்ட ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் அதற்கு எந்த விதத்திலும் தடையாகாது. ஜெராக்ஸ் கடைக்கோ நாளெல்லாம் அடுத்தவர் பென் டிரைவ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஃபோல்டர்களை எல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றும் வைரஸ் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வந்து இன்னொருவர் வீட்டுக்குப் போவது இந்த வழியாகத்தான்.

வழி பழையது. 1986இல் லாகூரில் பிறந்த பிரெய்ன் வைரஸ் ஃபிளாப்பியில் ஏறி உலகம் சுற்றியது. 1991இல் சென்னையில் தொடங்கப்பட்ட கே7 கம்ப்யூட்டிங்கும் ஃபிளாப்பிக் காலத்தில் கிளம்பிய நிறுவனம்தான். கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் வழியாகப் போனால் வரும் சோழிங்கநல்லூரில் இருந்து இன்றும் ஆன்டிவைரஸ் தயாரிக்கிறது. இவ்வளவு பக்கத்தில் அந்தத் தொழில் நடக்கும் ஊரில் காவலை அணைத்து வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்பதும் தவறு. ஒரே ஃபைலை இரண்டும் பிடித்து இழுத்துச் சிஸ்டத்தை முடக்கும். வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் முறையாகப் பதிவானால் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்கிறது. பாதி ஸ்கேனில் கரண்ட் போனால் ஃபைல் கெட்டுவிடும் என்ற பயமும் வேண்டாம். வாசித்துக்கொண்டிருந்தது நின்றது, அவ்வளவுதான். மறுபடி ஓட்டினால் போதும்.

கையை எடுத்துவிட வேண்டிய நேரங்களும் உண்டு. ஸ்கேன் எதையாவது பிடித்துவிட்டதாகச் சொன்னால், அது சுத்தமாகும்வரை அந்தச் சிஸ்டத்தில் நெட் பேங்கிங் வேண்டாம், பென் டிரைவ் செருக வேண்டாம். ஃபைல்களின் பெயர்கள் கண்ணெதிரே மாறத் தொடங்கினால் முதலில் நெட் கேபிளை உருவுங்கள், வைஃபையை அணையுங்கள். டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் மட்டும் முற்றிலும் வேறு. விண்டோஸ் எழுவதற்கு முன்பே, வைரஸ் ஒளிந்துகொள்ள இடமில்லாதபோது தேடுவதற்காக அது சிஸ்டத்தை மறுபடி தொடங்குகிறது. ஏறக்குறைய 15 நிமிடம் எடுக்கும். அதற்குமுன் திறந்திருக்கும் எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு, லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி வையுங்கள்.